தள்ளிவிட்ட நூற்று முப்பத்தொரு படங்கள்

இந்தக் காலத்து ஆட்களுக்கு முகத்தில் கண் என்று ஒன்று எதற்கு இருக்கிறதென்றே வரதராஜுலுவுக்கு விளங்கவில்லை. மழை பெய்கிறதா என்று எவனும் வெளியே தலையை நீட்டுவதில்லை, போனில் பார்க்கிறான். பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்ப்பதில்லை, அதையும் போனில்தான் பார்க்கிறான். கம்பெனி கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி வருகிறவன் மூஞ்சியைப் பார்ப்பதே கிடையாது. கழுத்தில் தொங்குகிற அட்டை ‘பீப்’ என்றால் உள்ளே விடுகிறான். அந்த அட்டையை ஒரு கழுதைக்கு மாட்டி அனுப்பினால் கழுதையும் போய் ஜெனரல் ஷிஃப்டில் உட்கார்ந்துகொள்ளும். மதியம் அதற்கும் கேன்டீனில் சாம்பார் சாதம் ஊற்றுவார்கள்.

ஆஸ்பத்திரியிலாவது பார்ப்பார்கள் என்று நினைத்துத்தான் மண்ணூரிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, ஹைவே ஓரத்தில் இருக்கும் அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பெண்சாதி ஜெயத்தைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மகன் கோபிநாத் பெர்மிஷன் போட்டுவிட்டு, யூனிஃபார்மோடு வல்லம் வடகால் கம்பெனியிலிருந்து நேரே வந்து சேர்ந்துகொண்டான்.

டாக்டர் பரசுராமன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே ஜெயம் உட்கார்ந்திருந்தாள். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது அவள் முகம். அதைத் தெரிந்துகொள்ள டாக்டருக்குப் படித்திருக்க வேண்டியதில்லை, கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும்.

“ரிப்போர்ட் நார்மல்,” என்றார் டாக்டர், கம்ப்யூட்டரிடம்.

வரதராஜுலுவுக்கு உள்ளங்காலிலிருந்து சூடு ஏறியது.

ஏழு மாசமாக ஜெயத்தின் உடம்பிலிருந்து ரத்தம் எங்கேயோ ஒழுகிக்கொண்டிருந்தது. மலம் கரியாகப் போனது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனவள் குழாயடியிலேயே சரிந்தாள். இரண்டு தடவை படுக்க வைத்து ரத்தம் ஏற்றினார்கள். ஏற்றியது ஒரு மாசம்கூட நிற்கவில்லை. வாய் வழியாக ட்யூப் விட்டுப் பார்த்தார்கள், கீழ் வழியாகவும் விட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. ட்யூப் எட்டாத நடுக்குடல் இருபதடி இருக்கிறதாம். அதைப் பார்க்கத்தான் போன வாரம் ஒரு மாத்திரையை விழுங்க வைத்தார்கள். மாத்திரைக்குள்ளே கேமரா. அது குடல் முழுக்க உருண்டுகொண்டே போட்டோ எடுக்கும், போட்டோவையெல்லாம் ஏ.ஐ. பார்க்கும் என்று கோபிநாத் சொன்னபோதே வரதராஜுலு, “அது யாரு ஏ.ஐ.?” என்றுதான் கேட்டார்.

“ஆள் இல்ல நைனா. மெஷினு. எங்க லைன்லயும் கீதே.”

“அப்ப சரிப்படாது,” என்றார்.

அன்றைக்கு நர்ஸ் ஜெயத்தின் வயிற்றைச் சுற்றி ஒரு பெல்ட்டைக் கட்டி, சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டியை அதில் சொருகினாள். பெட்டியில் ஒரு நீல விளக்கு மினுக்கியது. இந்த விளக்கு மினுக்குவது நின்றால் உடனே போன் பண்ணுங்கள் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

வரதராஜுலு ஒரு நாற்காலியை இழுத்து ஜெயத்துக்கு எதிரே போட்டுக்கொண்டு அந்த விளக்கையே பார்த்தார். டி.வி. போடவில்லை. கண் எரிந்தபோது ஒரு கண்ணை மூடி மற்றதால் பார்த்தார்.

“ஏன்யா, வயித்த இப்படி மொறச்சிப் பாத்துகினு கீறியே, உள்ள போட்டோ புடிக்கிறானாமே, நான் சிரிக்கணுமா?” என்றாள் ஜெயம்.

“பேசாம குந்து.”

“கட்டிகினு வந்து நாப்பது வருசமாச்சு, நீ ஒரு போட்டோ எடுத்துக் குடுத்தது கிடையாது. இந்த மாத்திரை ஒரே நாள்ல அம்பதாயிரம் எடுக்குது. அத்தயே கட்டியிருக்கலாம் போல.”

எட்டு மணி நேரம். விளக்கு ஒரு தடவைகூட நிற்கவில்லை, அவர் கண்ணும் நகரவில்லை. அதற்கு வந்த பதில்தான் இந்த ‘நார்மல்’.

“நார்மல்னா, ரத்தம் எங்க சார் போவுது? என் வூட்ல யாரும் எடுத்துக் குடிக்கல,” என்றார்.

“நைனா,” என்று கோபிநாத் தொடையைத் தட்டினான்.

டாக்டர் பரசுராமன் கோபப்படவில்லை. “பெரியவரே, இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலே கறுப்பாத்தான் போகும்.”

“மாத்திரை குடுக்கறதுக்கு முன்னாலயே கறுப்புதான் போச்சு. அதாலதான் மாத்திரையே குடுத்தீங்கோ.”

“சில பேருக்குக் காரணம் கிடைக்கிறதில்ல. மாத்திரையைத் தொடருங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க. உள்ள பிரச்சினை இருந்தா தெரிஞ்சிருக்கும். அம்பத்திரெண்டாயிரம் படம். அத்தனையும் ஏ.ஐ. பார்த்திருக்கு. மனுஷன் பார்த்தா ஒரு கட்டத்துல கண்ணு அசந்துடும். இது அசராது.”

“அது பார்த்துச்சு. நீ பார்த்தியா?”

“நைனா! ‘நீங்க’ன்னு பேசு.”

“சரி. நீங்க பார்த்தீங்களா?”

“பார்க்க வேண்டியதைப் பார்த்தேன்.”

“எத்தினி?”

டாக்டர் முதல் தடவையாகக் கழுத்தைத் திருப்பி அவரைப் பார்த்தார். “பன்னெண்டு.”

ஜெயம் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். வரதராஜுலு குரலை ஏற்றவில்லை. ஏற்றினால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

“மெஷினு எத்தினி எடுத்துப் போட்டுச்சு? சந்தேகம்னு?”

டாக்டர் எதையோ தட்டினார். “நூத்தி நாப்பத்தி மூணு.”

“நூத்தி நாப்பத்தி மூணு போட்டுச்சு. உங்க கையில வந்தது பன்னெண்டு. அப்ப நூத்தி முப்பத்தொண்ணு எங்க?”

“அது எல்லாம் நுரை, சாப்பாட்டுத் துணுக்கு. மெஷினுக்கு நுரையும் சந்தேகமாத்தான் தெரியும். மேல எங்க டெக்னீஷியன் பார்த்துத் தள்ளிட்டு, மீதியை எனக்கு அனுப்புவாங்க.”

“ரெட் பின்ன யார் தொறந்தது?”

“என்னது?”

கோபிநாத்துக்குப் புரிந்துவிட்டது. அவன் காது சிவந்தது. “நைனா ஹோஸ் கம்பெனில செக்கரா இருந்தவரு சார்,” என்று மட்டும் சொன்னான்.

ஒரகடத்தில் காருக்கு பிரேக் ஹோஸ் என்கிற ரப்பர்க் குழாய் செய்கிற கம்பெனியில் பதினெட்டு வருஷம் வரதராஜுலு செக்கர். அஞ்சாவது வரைதான் படிப்பு. டியூப் லைட்டுக்குக் கீழே ஹோஸைப் பிடித்து, கட்டைவிரலால் ஒரு தடவை நீவி, இரும்பு மூடி கடித்திருக்கும் இடத்தைத் திருப்பிப் பார்த்து, நல்லது இந்தப் பக்கம், கெட்டது ‘ரெட் பின்’ என்கிற சிவப்புப் பெட்டிக்குள். அந்தப் பெட்டிக்கு உண்டியல் மாதிரி மேலே ஒரு வாய், கீழே ஒரு பூட்டு. சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில். உள்ளே போனது போனதுதான். ராத்திரி பன்னிரண்டானாலும் இரண்டு பேர் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே வரும். கெட்ட பீஸ் கம்பெனிக்கு வெளியே போகிறதென்றால் ஒன்று செக்கர் குருடாக இருக்க வேண்டும், இல்லை சாவி தப்பான கையில் இருக்க வேண்டும்.

பிறகு கேமரா வந்தது. ஒரு சொட்டு எண்ணெய் இருந்தாலும் தள்ளியது, தண்ணீர்த் துளி இருந்தாலும் தள்ளியது. மணிக்கு நூறு பீஸ் சிவப்புப் பெட்டியில் விழுந்தது. சூப்பர்வைசர் கத்தினான். பெட்டியைத் திறந்து, வேஸ்ட் துணியால் துடைத்து, கேமராவைத் தாண்டி மறுபடி லைனில் விடுவது வழக்கமாகிவிட்டது. ஒரு நாள், ஓ.டி. சேர்த்துப் பதினாறாவது மணி நேரம், நாற்பது பீஸைத் துடைத்து விட்டார் வரதராஜுலு. பார்க்கவில்லை. துடைத்தார், விட்டார். மூன்று வாரம் கழித்து ஒரு ஹோஸ் கார் கம்பெனியிலிருந்து பிளாஸ்டிக் கவரில் திரும்பி வந்தது. இரும்பு மூடிக்குப் பக்கத்தில் முடி அளவு கீறல். வண்டி யார்டை விட்டே போகவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மேனேஜர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். கேமரா அந்த பீஸைத் தள்ளியிருந்தது, மணியோடு, படத்தோடு. அடுத்த வரியில் அதே பீஸ் ‘ஓகே’, செக்கர் பேர் வரதராஜுலு.

சாவியைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். முழங்கால் வலி, அதனால் ஸ்டோருக்கு மாற்றிக்கொண்டேன் என்று வீட்டில் சொன்னார். இன்றுவரை கோபிநாத்துக்குத் தெரியாது.

“அந்த நூத்தி முப்பத்தொண்ண நான் பார்க்கணும்,” என்றார் இப்போது.

“உங்களுக்கு அதுல என்ன புரியும்?”

“எனக்குப் புரிய வேணாம். நீங்க பாருங்கோ. நான் நீங்க பார்க்கறதப் பார்க்கறேன்.”

டாக்டர் கோபிநாத்தைப் பார்த்தார், வெளியே காத்திருக்கிற கூட்டத்தை நினைத்தார், கடிகாரத்தைப் பார்த்தார். இந்தக் கிழவனை விரட்டுவதைவிடக் காட்டிவிடுவது சீக்கிரம் முடியும் என்று தோன்றியிருக்க வேண்டும். “சரி, வாங்க. பத்து நிமிஷம்,” என்று எழுந்தார். ஜெயத்தை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மூன்று பேரும் மாடிக்குப் போனார்கள்.

படம் பார்க்கிற அறை குளிர்ந்து கிடந்தது. டெக்னீஷியன் ஷாரோனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட். டாக்டர் விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் சுருங்கியது.

“எல்லாம் பபிள்ஸ்தான் சார். நான் பார்த்தேனே.”

“எப்ப பார்த்த?” என்றார் வரதராஜுலு.

“பெட்டி வந்த மறுநாளே, தாத்தா.”

“எத்தினி நேரம் பார்த்த?”

அவள் பிஸ்கட் பாக்கெட்டை நகர்த்தி வைத்தாள். பதில் திரையிலேயே இருந்தது. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் எந்த மணிக்குத் தள்ளப்பட்டது என்று சின்ன எழுத்தில் ஓடியது. கோபிநாத் குனிந்து படித்தான். முதல் படம் மதியம் மணி ஒன்று பன்னிரண்டு, கடைசிப் படம் ஒன்று பதினைந்து.

“மூணு நிமிசம்,” என்றான் மெதுவாக. “நூத்தி முப்பத்தொரு படம்.”

“சாப்பாட்டு நேரமா?” என்றார் வரதராஜுலு.

“தாத்தா, ஒரு நாளைக்கு எட்டு கேஸ். இந்த மெஷின் ஒவ்வொண்ணுலயும் நுரையா அள்ளிக் கொட்டுது. நுரை, நுரை, நுரைன்னு தள்ளித் தள்ளி...”

வரதராஜுலுவுக்கு அவளை அடிக்க வேண்டும் போலிருந்தது. பதினாறாவது மணி நேரத்தில் வேஸ்ட் துணியோடு நின்ற அந்த ஆளையும் சேர்த்து அடிக்க வேண்டும் போலிருந்தது. “எட்டு மணி நேரம் நான் அந்த விளக்கப் பார்த்துகினு குந்தியிருந்தேன்மா. மின்னுதா மின்னுதான்னு. நான் விளக்கப் பார்த்தேன். நீ படத்தப் பார்க்கல.”

“ஐயா, போதும்,” என்றார் டாக்டர். “ஷாரோன், ஓப்பன் பண்ணும்மா.”

படங்கள் வரத் தொடங்கின. ஜெயத்தின் குடல் அது. ரோஜா நிறத்தில் சுருங்கிச் சுருங்கி, ஈரமாக, நடுவில் இருட்டுத் துவாரத்தோடு. வரதராஜுலுவுக்கு முதலில் பார்க்கவே கூச்சமாக இருந்தது. பிறகு டியூப் லைட்டுக்குக் கீழே ஹோஸ் பிடித்த ஆளாகிவிட்டார்.

“நிறுத்து! அது இன்னா?”

“நுரை,” என்றார் டாக்டர்.

“இது?”

“இதுவும் நுரைதான்.”

“இதோ, சிவப்பா, இது?”

“தக்காளித் தோல்.”

“முந்தின நாளு அம்மா ரசம் குடிச்சுது நைனா,” என்றான் கோபிநாத். அதன்பிறகு வரதராஜுலு வாயைத் திறக்கவில்லை. தனக்கு இதில் கண் இல்லை என்று அவருக்குத் தெரிந்துபோனது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

முப்பது போனது. நாற்பது போனது. டாக்டர் போனை ஒரு தடவை எடுத்துப் பார்த்தார், வரதராஜுலு அவர் கையையே முறைத்ததும் பைக்குள் வைத்தார்.

ஐம்பத்தெட்டாவது படத்தில் ஷாரோனின் கை மௌஸை விட்டுவிட்டது. அவள் யாரையும் கூப்பிடவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

நுரைக்குப் பக்கத்தில், மடிப்பின் ஓரத்தில், ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளியிலிருந்து நாலாபக்கமும் மெல்லிய சிவப்புக் கால்கள், சின்ன எட்டுக்கால்பூச்சி மாதிரி. அதன் ஒரு ஓரத்திலிருந்து இழையாக ரத்தம் கசிந்திருந்தது. சுற்றி மெஷின் போட்ட மஞ்சள் கட்டம். எல்லா நுரையையும் சுற்றிப் போட்ட அதே மஞ்சள் கட்டம்.

டாக்டர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார்.

“ரத்தக் குழாய் வீங்கி வெளிய வந்திருக்கு,” என்றார் கடைசியில். “இதுதான் ஒழுகறது. நீளமான ட்யூப் உள்ள விட்டு, அந்த இடத்தை மட்டும் சுட்டு அடைச்சிடலாம். வயித்தைக் கிழிக்க வேண்டியதில்ல. சென்னையில பண்றாங்க, நான் லெட்டர் தரேன், இன்னைக்கே பேசறேன்.”

ஷாரோன் எழுந்து நின்று, “சாரி சார்,” என்றாள், டாக்டரிடம்.

“என் கிட்ட சொல்லு,” என்றார் வரதராஜுலு. “இல்ல, கீழ பெஞ்சில குந்திகினு கீறா பாரு, அவ கிட்ட சொல்லு.”

அவள் கண் கலங்கியது. அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

டாக்டர் எழுந்து கம்ப்யூட்டரை மூடச் சொன்னார். “காரணம் கிடைச்சாச்சு. போதும்.”

“மிச்சம் எழுபத்தி மூணு?”

“அதான் கிடைச்சிடுச்சே ஐயா!”

“ஒண்ணு கிடைச்சா ரெண்டாவது இல்லைன்னு எவன் சொன்னான்? முதல் கீறலப் பார்த்ததும் பீஸக் கீழ வெக்கிறவன் செக்கரே கிடையாது. நீ குந்தும்மா. ஓட்டு.”

ஷாரோன் டாக்டரைப் பார்க்கவில்லை. உட்கார்ந்து ஓட்டினாள். இந்தத் தடவை ஒவ்வொரு படத்திலும் நின்று, வாய்விட்டு, “நுரை... நுரை... துணுக்கு...” என்று சொல்லிக்கொண்டே போனாள். எழுபத்து மூன்றும் முடிந்தது. வேறொன்றும் இல்லை.

டாக்டரின் முகம் இப்போது தெளிந்திருந்தது. மஞ்சள் கட்டம் போட்ட அந்தப் படத்தை மறுபடி திரைக்குக் கொண்டுவந்து, “ஒண்ணு மட்டும் ஒத்துக்குங்க பெரியவரே,” என்றார். “மெஷின் கரெக்டாப் புடிச்சிருக்கு. தப்பு பண்ணினது நாங்க. மனுஷங்க. இப்பவாவது மெஷினை நம்பறீங்களா?”

“நம்பல.”

“இன்னும் என்ன?”

“நூறு பொய்யச் சொல்லி நடுவுல ஒரு நிஜத்தச் சொருகினா, எவன் கேப்பான்? கேட்டுக் கேட்டு அலுத்துப்பூடுவான். இவ கையக் கெடுத்ததே அந்த மெஷினுதான். இவளுக்கு அது பார்க்குதுன்னு நெனப்பு. உங்களுக்கு இவ பார்த்தான்னு நெனப்பு. கடைசில எவனும் பார்க்கல.” திரையைக் கை காட்டினார். “காலைல வந்ததும், கெட்டதுன்னு தெரிஞ்ச படம் ஒண்ண அதுகிட்ட காட்டி, புடிக்குதான்னு பார்த்தீங்களா? எங்க கம்பெனில தினம் ஷிஃப்டு ஆரம்பத்துல அத்தப் பண்ணாம லைன ஓட்ட மாட்டான்.”

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. “அதெல்லாம் லட்சக்கணக்கான படத்துல டெஸ்ட் பண்ணித்தான் வருது. நாம தினம் பண்ண வேண்டியதில்ல.”

“சரி. அது சந்தேகமே படாம வுட்டுச்சே, அம்பத்தோராயிரத்துச் சொச்சம், அத்த யார் பார்த்தது?”

“அதை முழுக்கப் பார்க்க ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். வெளிய இருபது பேர் உக்காந்திருக்காங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க?”

அது நிஜம். பெஞ்சு நிறைய ஆள் உட்கார்ந்திருந்ததை வரதராஜுலுவும் பார்த்துவிட்டுத்தான் வந்தார். அதற்குப் பதில் அவரிடம் இல்லை. பதில் இல்லை என்பதற்காக நம்பிவிட முடியுமா? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார்.

“பெரியவரே, இங்க வாங்க, அது எப்படிக் கண்டுபுடிச்சுதுன்னு காட்டறேன், ரெண்டே நிமிஷம்...”

அவர் திரும்பவில்லை. படிக்கட்டில் கோபிநாத் ஓடிவந்து சேர்ந்துகொண்டான்.

“நைனா. எங்க லைன்லயும் துடைச்சிட்டுத்தான் வுடறாங்க.”

“தெரியும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

வரதராஜுலு இரண்டு படி இறங்கினார். “நான் வுட்டிருக்கேன்,” என்றார். மகன் அந்தப் படியிலேயே நின்றுவிட்டான்.

கீழே ஜெயம் பக்கத்திலிருந்த யாரோ ஒருத்தியிடம் தன் வயிற்றுக்குள் எடுத்த போட்டோவைப் பற்றிக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும், “இன்னாச்சுய்யா, ஓட்டை கிடைச்சுதா?” என்றாள்.

“கிடைச்சுது. சுட்டா அடைஞ்சிடுமாம். மெட்ராஸ் போவணும். புள்ள லெட்டர வாங்கியாருவான்.”

அவள் கண்ணை மூடித் திறந்தாள். “யாரு கண்டுபுடிச்சது? அந்த மெஷினா?”

“அது அப்பவே புடிச்சுதாம்.”

“அப்ப நல்ல மெஷினுதான்யா.”

“மயிரு,” என்றார் வரதராஜுலு. அவள் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, அவள் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். வெளுப்பு அப்படியேதான் இருந்தது. வாசலில் ஒரு பெண், “சார், எங்க சேவை எப்படி இருந்துச்சு, இதுல பச்சை மூஞ்சிய அழுத்திட்டுப் போங்க,” என்று ஒரு பலகையை நீட்டினாள்.

“அழுத்தினா யாரும்மா பார்ப்பா?”

“சிஸ்டம் பார்த்துக்கும் சார்.”

வரதராஜுலு அந்தப் பலகையைச் சுற்றிக் கடந்து ஜெயத்தை அணைத்தபடி ஹைவேயை நோக்கி நடந்தார். ஷேர் ஆட்டோ வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார்.